கண்ணாடியூடே எவ்வளவு வெளிச்சம்?

வீட்டுச் சாளரத்துக்குத் திரை இடுவதும் இடாததும் வீட்டுக்காரர் விருப்பம். அதனை ஏனென்று கேட்க அயலவருக்கு உரிமையில்லை. வீதியில் ஓடும் மோட்டார் வண்டியின் கண்ணாடிக்குத் திரையிடுவது அத்தகையதன்று. உள்ளே இருப்பவர் வெளியே நன்றாகப் பார்க்கவேண்டும் என்பது ஒன்று. வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரைக் காணவேண்டும் என்பது மற்றொன்று. வீதியைக் கடக்க ஓரத்தில் நிற்கும் முதிய தாயொருத்தி, வரும் வண்டியை மாத்திரம் பார்ப்பதில்லை. அதனை ஓட்டுபவரின் முகத்தையும் பார்க்கிறாள். அவர் தன்னைக் கண்டுகொண்டாரா என்பதை அம்முகத்திலிருந்து அறிந்த பின்னரே காலெடுத்து வைக்கிறாள். அம்முகத்தைக் கறுப்புத்தாள் ஒன்று மறைத்துவிடின், அவள் எதனை நம்பி அடியெடுத்து வைப்பாள்?

ஆகவேதான் பல நாடுகளில், வண்டிக் கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தை ஊடுருவ விடவேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். சட்டம் ஓர் எண்ணைக் கூறினால், அந்த எண்ணை அளக்க ஒரு கருவி வேண்டுமல்லவா? கையில் அடங்கும் அச்சிறு கருவியைப் பற்றியும், அதனை எவ்வாறு பேணவேண்டும் என்பது பற்றியுமே இன்று வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

மருமகனுக்கு வந்த சோதனை

இலண்டன் மாநகரில் வாழும் நம் சகோதரியின் மகன் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். கதவுக் கண்ணாடிகளில் மெல்லிய கருநிறத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. கடைக்காரர்கள் இதனை ‘ரின்ற்’ என்பர். “இது சட்டத்துக்கு உட்பட்டதுதான்” என்று விற்றவர் சொன்னாராம். மருமகனும் நம்பினார். வருடாந்தப் பரிசோதனையில் கார் தேறியிருந்தமையால் அவருக்கு ஐயமே எழவில்லை.

ஒருநாள் மாலை பொலிஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்தார். கண்ணாடியைச் சிறிது கீழே இறக்கச் சொன்னார். சவர்க்காரக் கட்டியளவான ஒரு கருவியைக் கண்ணாடியின் மேல்விளிம்பிலே செருகினார். 41 என்ற எண் தோன்றியது. இருக்கவேண்டியதோ 70. தாளை அகற்றும்வரை அந்தக் காரை வீதியில் ஓட்டலாகாது என்ற தடைச்சீட்டு மருமகனின் கையில் வந்து சேர்ந்தது.

“மாமா, பரிசோதனையில் பாசான கார் எப்படிப் பிழையாகும்? அந்த மீற்றர்தான் பிழை” என்று அவர் நம்மிடம் முறையிட்டார்.

மருமகன் அறியாதது ஒன்றுண்டு. இங்கிலாந்தின் வருடாந்தப் பரிசோதனையிலே கார்க் கண்ணாடியின் ஒளியளவு எடுக்கப்படுவதில்லை. ஆதலின் அச்சீட்டைக் காட்டித் தப்ப இயலாது. ஆயினும் ‘மீற்றர் பிழை’ என்ற அவருடைய வாதத்தை நாம் உடனே தள்ளிவிடவில்லை. மறுநாள் இருவருமாக, நம்மவர் ஒருவர் நடத்தும் கராச்சுக்குப் போனோம். அப்பெரியவர் முப்பது ஆண்டுகளாக அத்தொழிலில் இருப்பவர். அவர் தமது மீற்றரை எடுத்து, முதலில் அதனைச் சோதித்து, பின்னர் காரின் கண்ணாடியில் வைத்தார். 41. மீண்டும் வைத்தார். 41.

“தம்பி, உங்கடை கார் விஷயத்திலை மீற்றர் சரி” என்றார் பெரியவர். “ஆனால் மீற்றர் எப்பவும் சரியெண்டு நான் சொல்லமாட்டன்.”

இந்தப் பின்மொழியின் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

நூற்றுக்கு எழுபது

கண்ணாடியின் ஒரு பக்கத்தில் விழும் வெளிச்சத்தை நூறு பங்காகக் கொண்டால், மறுபக்கம் வந்து சேர்வது எத்தனை பங்கு என்பதே சட்டம் கேட்கும் எண். எண் கூடினால் தெளிவு, குறைந்தால் இருள். கடையில் ‘35 தாள்’ என்று கூறுவது ‘5 தாள்’ என்பதிலும் பார்க்க வெளிச்சமானது. இதனை மாறி விளங்கிக்கொண்டு ஏமாறுவோர் பலர்.

இங்கிலாந்திலே, 1985 ஏப்ரல் 1ஆந் திகதியிலும் அதன் பின்னரும் முதன்முதல் வீதிக்கு வந்த கார்களின் முன்கண்ணாடி நூற்றுக்கு 75 பங்கும், முன்கதவுக் கண்ணாடிகள் 70 பங்கும் ஒளிவிட வேண்டும். அதற்கு முந்திய கார்களுக்கு இரண்டிலும் 70 போதும். பின்கதவுகளுக்கும் பின்கண்ணாடிக்கும் எல்லை கிடையாது. அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியாவில் முன்கதவுக் கண்ணாடிக்கு 70 என்றால், வெயில் மிகுந்த புளோரிடாவில் 28 போதும். நியூயோர்க் மாநிலத்தில் 2017 ஜனவரி 1 முதல், வருடாந்தப் பரிசோதனையிலேயே இவ்வளவையும் எடுக்கிறார்கள்.

அண்டை நாடாகிய இந்தியாவின் கதை சுவையானது. அங்கே 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகளுக்கு 70 பங்கும், பக்கக் கண்ணாடிகளுக்கு 50 பங்கும் வேண்டும். ஆனால் 2012 ஏப்ரல் 27ஆந் திகதி, இந்திய உச்ச நீதிமன்றம் இவ்விதியை விளக்கி, அந்த அளவு கண்ணாடியைச் செய்யும்போதே அமையவேண்டியது என்றும், பின்னர் எவ்வகைத் தாளையும் ஒட்டலாகாது என்றும் தீர்ப்பளித்தது. இதனால் மீற்றருக்கு வேலை குறைந்தது. தாள் இருக்கிறதா என்று விரல் நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்தாலே போதுமாயிற்று. பிற்காலத்தில் விதிகள் திருத்தப்பட்டன. 2024இல் கேரள உயர் நீதிமன்றம், விதித்த அளவுக்குக் குறையாத ஒளியை விடும் தாளை ஒட்டியமைக்காகத் தண்டம் விதிக்க முடியாது என்று கூறியது. தாள் உண்டா என்ற கேள்வி போய், எவ்வளவு ஒளி என்ற கேள்வி திரும்ப வந்தது. அதனுடன் மீற்றரும் திரும்ப வந்தது எனலாம்.

கருவியின் உள்ளே

ஒளியை அளக்கும் ஆசை புதியதன்று. 1729இல் பிரெஞ்சு அறிஞரான பியர் பூகேர், ஒளி ஒரு பொருளினூடே செல்லுந்தோறும் எவ்வாறு குறைகிறது என்று நூல் எழுதினார். 1760இல் இலாம்பேட் என்பார் அதனைக் கணித முறையில் விரித்தார். அக்காலத்தில் அவர்களுக்குக் கண்ணே கருவி. ஒளி பட்டதும் செலினியம் என்னும் பொருளின் மின்தடை மாறுகிறது என்பது 1873இல் வெளியானபின், கண்ணின் வேலையை மின்சாரத்திடம் ஒப்படைக்க வழி பிறந்தது.

இன்றைய மீற்றரின் அமைப்பு எளிது. ஒரு பக்கத்தில் சிறு விளக்கு. எதிர்ப்பக்கத்தில், பட்ட ஒளிக்கேற்ப மின்சாரம் தரும் சிலிக்கன் கண். இரண்டுக்கும் நடுவே கண்ணாடி நுழையத்தக்க ஒரு பிளவு. இடையில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லாதபோது வரும் ஒளியைக் கருவி 100 என்று எடுத்துக்கொள்கிறது. கண்ணாடியைச் செருகியதும் வரும் ஒளி அதில் எத்தனை பங்கு என்று காட்டுகிறது. இறக்கி ஏற்றும் கதவுக் கண்ணாடிக்கு இப்பிளவுக் கருவி பொருந்தும். அசையாத முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இரண்டு துண்டான கருவி உண்டு. ஒன்றை உள்ளேயும் மற்றதை வெளியேயும் வைத்தால், காந்தம் இரண்டையும் நேருக்கு நேர் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். மனிதக் கண் எல்லா நிறத்தையும் ஒரே அளவாக உணர்வதில்லை. பகலிலே பச்சை நிறத்தைத்தான் மிகுதியாக உணர்கிறது. இதற்கான அளவுக்கோட்டைச் சர்வதேச ஒளியியற் குழு 1924இலேயே வரையறுத்துவிட்டது. நல்ல மீற்றர், தன் சிலிக்கன் கண்ணை மனிதக் கண்ணுக்கு ஒப்பாக்க நிற வடிகட்டி ஒன்றை அணிந்திருக்கும். அஃதில்லாத மலிவுக் கருவி, பச்சை அல்லது கபில நிறக் கண்ணாடியில் தவறான எண்ணைக் காட்டக்கூடும். வாங்குவோர் விலையை மாத்திரம் பாராது இதனையும் விசாரித்தல் நன்று.

பெருக்கற் கணக்கு

தாள் ஒட்டுவோர் செய்யும் பெரிய பிழை ஒன்றுண்டு. ‘70 தாள் வாங்கி ஒட்டினேன், ஆகவே 70 வரும்’ என்று எண்ணுகிறார்கள். கண்ணாடி தானும் சிறிது ஒளியைத் தடுக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். நிறமேயில்லாத கண்ணாடியிற்கூட, ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய நான்கு பங்கு ஒளி தெறித்துத் திரும்பிவிடுகிறது. கார்க் கண்ணாடியில் இயல்பாகவே இளம்பச்சைச் சாயல் இருப்பதும் உண்டு. அது மேலும் சில பங்கைக் குறைக்கும்.

காரின் வெறுங்கண்ணாடி 78 பங்கு விடுகிறது என்று கொள்வோம். அதில் 70 தாளை ஒட்டினால், 78இல் நூற்றுக்கு 70. அதாவது 55 அளவே கிடைக்கும். 50 தாளானால் 39. சட்டத்தின் 70க்குள் நிற்கவேண்டுமாயின், அக்கண்ணாடிக்கு 90 தாளைவிடக் கறுத்த எதையும் ஒட்ட முடியாது. ஆகையால் தாளை வாங்குமுன் வெறுங்கண்ணாடியை அளக்கவேண்டும். நம் மருமகன் தாளை அகற்றிய பின் பார்த்தபோது கண்ணாடி 79 காட்டியது. அதன்மேல் இருந்தது 52 அளவான தாள் என்பது அப்போதே விளங்கிற்று.

தூசி செய்த அநியாயம்

இனிக் கராச்சுப் பெரியவரின் கதைக்கு வருவோம். தாள் உரித்து முடிந்தபின், தேநீர் அருந்திக்கொண்டே அவர் இதனைக் கூறினார்.

சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் தாதிப் பெண் ஒருத்தி தன் காரைக் கொண்டுவந்தாளாம். முந்திய சொந்தக்காரர் மிக மெல்லிய தாள் ஒட்டியிருந்தார். அது சட்டத்துக்குள் அடங்குமா என்று பார்த்துத் தரும்படி கேட்டாள். மீற்றர் 67 என்றது. “பிள்ளை, இது சரிவராது, உரிக்கத்தான் வேணும்” என்று இவர் சொல்ல, அவளும் மறுபேச்சின்றிச் சம்மதித்துக் கூலியைக் கொடுத்துப் போய்விட்டாள்.

மறுநாட் காலை, நெடுநாளாகச் சோதியாத தமது மீற்றரை இவர் சோதித்தார். கருவியுடன் வந்த மாதிரித் துண்டிலே 70 என்று பொறித்திருந்தது. மீற்றரோ 66 காட்டிற்று. கருவியின் கண்ணைத் துடைத்தபோது துணியில் எண்ணெயும் தூசியும் வந்தன. துடைத்தபின் அதே துண்டு 70 காட்டிற்று.

பெரியவர் கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தார். எழுபதை அறுபத்தாறாகக் காட்டிய கருவி அறுபத்தேழு என்றால், உண்மை அளவு 71. அந்தப் பெண்ணின் கண்ணாடி சட்டத்துக்கு உட்பட்டே இருந்திருக்கிறது! குற்றமற்ற பொருளை உரிக்கச் செய்து, அதற்குக் கூலியும் வாங்கியாயிற்று.

“அந்தப் பிள்ளை இரவிரவாக உழைச்ச காசு. அண்டைக்கு முழுநாளும் எனக்குச் சோறு இறங்கேல்லை” என்றார். தொலைபேசியில் அழைத்து, நடந்ததை மறையாது கூறி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். அவள் சிரித்துவிட்டு, “உங்களை மாதிரி ஆள் ஒருத்தர் இருக்கிறது காணும் ஐயா” என்றாளாம்.

இதே பிழை மறுபுறமும் நிகழலாம். கண் அழுக்காக இருக்கும்போதே 100ஐக் குறித்துவிட்டு, பின்னர் அவ்வழுக்கு உதிர்ந்துபோனால், எண் கூடக் காட்டும். 68 உள்ள கண்ணாடி 70க்கு மேல் ஏறித் தப்பிவிடும். ஓர் அழுக்குப் புள்ளி நிரபராதியைக் குற்றவாளியாக்கும், குற்றவாளியை நிரபராதியாக்கும். பொலிஸ்காரர் கையிலிருந்தாலும், கராச்சுக்காரர் கையிலிருந்தாலும், அது ஒரு தராசு. படிக்கல் தேய்ந்த தராசினால் நிறுப்பது நீதியாகுமா?

பேணும் முறை

அன்றுமுதல் அப்பெரியவர் சில நியமங்களைக் கைக்கொண்டு வருகிறார். அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், காற்றில் 100 காட்டுகிறதா என்றும், மாதிரித் துண்டில் பொறித்த எண்ணைக் காட்டுகிறதா என்றும் பார்க்கவேண்டும். இரண்டையும் திகதியிட்டுக் கொப்பியில் எழுதி வைக்கவேண்டும். 100ஐ மாத்திரம் பார்த்தல் போதாது. கருவி தானே குறித்துக்கொண்ட நூறு அது. அதற்குச் சாட்சி சொல்வது மாதிரித் துண்டே. அத்துண்டையும் ஓரத்திற் பிடித்தெடுத்து, அதன் உறையிலேயே திரும்ப வைக்கவேண்டும். கீறல் விழுந்த மாதிரி மாதிரியாகாது.

விளக்கையும் கண்ணையும் மென்மையான பருத்தித் துணியால், மருந்துக் கடையில் விற்கும் ஐசோபுரொப்பைல் மதுசாரம் சிறிது தொட்டுத் துடைக்கலாம். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஆகா. அவை பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும். சாரத் தலைப்பினாலும் சேலைத் தலைப்பினாலும் துடைக்கும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு. அதிலுள்ள மணல் கண்ணைக் கீறிவிடும். காந்தமுள்ள இருதுண்டுக் கருவியில் கராச்சின் இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ளும். அதனைத் துடையாமற் பிறருடைய கண்ணாடியில் வைப்பது பெருந்தவறு.

அளக்கும் இடத்தைக் கண்ணாடியின் இருபுறமும் துடைத்த பின்னரே அளக்கவேண்டும். வீதித்தூசியையும் மழைத்துளியையும் அளந்து அவற்றின் பழியைத் தாளின்மேற் போடலாகாது. பின்கண்ணாடியிலுள்ள சூடாக்கும் கம்பிக் கோடுகளையும், விளிம்பிலுள்ள கறுப்புப் புள்ளிகளையும் தவிர்க்கவேண்டும். கருவி சாயாமற் கண்ணாடியோடு ஒட்டி நிற்கவேண்டும். சாய்ந்தால் வெயில் பக்கவாட்டில் நுழைந்து எண்ணைக் கூட்டிவிடும். ஒரே இடத்தில் மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவந்தாலே அதனை அளவென்று கொள்ளவேண்டும்.

குளிரிலிருந்து சூடான இடத்துக்குக் கொண்டுவந்த கருவியின் கண்ணில் பனிபோல ஈரம் படியும். சிறிது நேரம் பொறுத்தே அளக்கவேண்டும். வெயிலில் நிற்கும் காரினுள்ளே அதனை விட்டுச் செல்லலாகாது. பற்றரி சோர்ந்துவிட்டது என்று கருவி அறிவித்தால், ‘இந்த ஒன்றோடு முடித்துவிடுவோம்’ என்று எண்ணாமல் உடனே மாற்றவேண்டும். நெடுநாள் பாவியாதிருப்பின் பற்றரியைக் கழற்றி வைப்பதே உத்தமம். ஒழுகிய பற்றரி கருவியைத் தின்றுவிடும். செய்தவர் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆய்கூடத்துக்கு அனுப்பி, அத்தாட்சி பெறவேண்டும்.

மறிக்கப்பட்டவருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. சினந்து வாதாடுவதிலும் பார்க்க, “மாதிரித் துண்டில் ஒருமுறை வைத்துக் காட்டுவீர்களா?” என்று பணிவாகக் கேட்பது மேல். நேர்மையாக அளப்பவர் அதற்கு மனம் நோகமாட்டார்.

வெயிலுக்கு அஞ்சி

‘இவையெல்லாம் சரி, வெயிலைத் தாங்க முடியவில்லையே, குழந்தைகள் வாடுகின்றனரே’ என்று தாய்மார் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கறுப்பு நிறமும் குளிர்ச்சியும் ஒன்றல்ல. ஞாயிற்றின் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. அதனைத் தடுத்து, காணும் ஒளியைப் பெரும்பாலும் விடுகின்ற தெளிந்த தாள்களும் இன்று உண்டு. தோலைக் கெடுக்கும் ஊதாக் கடந்த கதிரின் கதையும் அவ்வாறே. அமெரிக்காவில் 29 கார்களைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, முன்கண்ணாடிகள் அக்கதிரில் நூற்றுக்குச் சராசரி 96 பங்கைத் தடுத்தன என்றும், பக்கக் கண்ணாடிகள் சராசரி 71 பங்கையே தடுத்தன என்றும் கண்டனர். அக்குறையை நீக்கவும் கறுப்பு வேண்டியதில்லை. ஒளியை விட்டு அக்கதிரை மறிக்கும் தாளே போதும்.

இரவையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அறுபது வயதானவரின் விழித்திரையை அடையும் வெளிச்சம், இருபது வயதினருக்கு அடைவதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே என்பர். அத்தகையவர், பாதி வெளிச்சத்தை விழுங்கும் கண்ணாடியினூடே, மழையிரவில், வீதி விளக்கில்லாத சந்தியில் வண்டியைத் திருப்பும்போது, ஓரத்தில் சைக்கிளில் வரும் சிறுவனைக் காண்பாரா? பகலிலே அழகாகத் தோன்றிய தாள், இரவிலே ஓர் உயிரின் விலையாகிவிடலாம்.

கராச்சிலிருந்து புறப்படும்போது மருமகன் தன் காரின் கண்ணாடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். அன்று மாலை அவரே வண்டியை ஓட்டினார். ஒரு கடவையிலே, கையில் பையோடு நின்ற முதியவர் ஒருவர் காரைப் பார்த்துத் தயங்கினார். மருமகன் தலையசைத்தார். முதியவர் அதனைக் கண்டு, கையை உயர்த்திவிட்டு நிதானமாகக் கடந்து சென்றார்.

“மாமா, முந்தி இப்படிக் கைகாட்டினவை குறைவு. ஏனெண்டு இப்பத்தான் விளங்குது” என்றார் மருமகன்.